பச்சை மூடிக் குப்பி

வைட்ஃபீல்ட்,
10 நவம்பர் 2024

அன்புள்ள ஆஞ்சி,

போன் எடுக்கமாட்டேங்கிற. மெசேஜ் போட்டா ஒத்தை டிக்கோட நிக்குது. அதனால பத்தாங்கிளாஸுக்கு அப்புறம் முதல் தடவையா லெட்டர் எழுதுறேன். கிழிச்சுப் போடுறதா இருந்தாலும் முழுசாப் படிச்சிட்டுக் கிழி.

ஜூலைல செத்த அந்தப் பன்னிரண்டு சுண்டெலியைப் பத்தித்தான். லேசா உடம்புக்கு வந்து தேறிடும்னுதான் பச்சை மூடி வைரஸைப் போடச் சொன்னேன். நாலாம் நாள் நீ கூண்டைத் திறந்தப்போ முடி சிலிர்த்து, குறுகி உட்கார்ந்திருந்துச்சுங்க. ஆறாம் நாள் ஒண்ணும் மிஞ்சல. அறுத்துப் பார்த்தது நான். கல்லீரல் முழுக்க வெள்ளைப் புள்ளி, மண்ணீரல் வெந்த மாதிரி செத்துப் போயிருந்துச்சு. ஹரிஷ்குமார் சார் பார்த்ததும், "பத்து மடங்கு டோஸ் போயிருக்கும், ஊசி போட்டது யாரு?"ன்னு கேட்டார். லேப்ல ஊசி போடுறது நீதானே. உன் தப்புன்னு எழுதின ரிப்போர்ட்ல நானும் கையெழுத்துப் போட்டேன். நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு.

போன வாரம் ஃப்ரீசர் சுத்தம் பண்ணினேன். செல்லுல வளர்த்த வைரஸுக்குப் பச்சை மூடி, எலியோட உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த வைரஸுக்குச் சிவப்பு மூடி. ரெண்டும் ஒரே வைரஸ்தான். ஆனா சுரப்பியில வளர்ந்தது ரொம்ப மூர்க்கம், அதே அளவு போட்டாலும் கல்லீரலையும் மண்ணீரலையும் விட்டுவைக்காது. பச்சை மூடிப் பெட்டியில ஒரு குப்பி மேல பாதி அழிஞ்ச சிவப்புப் பெருக்கல் குறி இருந்துச்சு. மே மாசம் சிவப்பு மூடி தீர்ந்துபோச்சுன்னு சுரப்பி வைரஸ் குப்பிகளுக்குப் பச்சை மூடியைப் போட்டு, மார்க்கரால குறி வெச்சது நான். அதைப் பெட்டி மாத்தி வெச்சதும் நானாத்தான் இருக்கும். நீ அன்னைக்கு எடுத்தது அதே வரிசைக் குப்பி, அதுல குறி முழுசா அழிஞ்சிருக்கும்.

உன் கணக்குல தப்பில்ல, உன் கையில தப்பில்ல. மன்னிச்சிடு ஆஞ்சி.

அம்பு


மர்பி டவுன்,
19 நவம்பர் 2024

அம்புஜம் மேடத்துக்கு,

லெட்டர் கிடைச்சது. மூணு தடவை படிச்சேன். முதல் தடவை அழுகை வந்துச்சு, ரெண்டாவது தடவை கோபம், மூணாவது தடவை பசி. நாலு மாசம் கழிச்சு இப்பத்தான் பசின்னு ஒண்ணு தெரியுது.

குப்பியை எடுத்தா ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிட்டுத்தான் திறக்கணும். நீங்க புதுசா வந்தப்போ அதைச் சொல்லிக் குடுத்ததே நான்தான். ஸ்பிரிட்டுக்கு நிக்காத மார்க்கர் ஊறுகாய் பாட்டில்ல எழுதத்தான் லாயக்கு. அஞ்சு வருஷம் ஒரே டப்பாவுல சாப்பிட்டோமே, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி "ஆஞ்சி, என்ன ஆச்சு?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நான் என்ன பண்ணிட்டு இருக்கேன்னு நீங்க கேட்கல, நானே சொல்றேன். சிவாஜி நகர்ல ஒரு துணிக்கடையில பில் போடுறேன். அது பரவாயில்ல. மம்மிக்கு நான்தான் தினமும் இன்சுலின் போடுவேன்னு உங்களுக்குத் தெரியும். அந்த ரிப்போர்ட்டுக்கு அப்புறம் முடியல. சிரிஞ்சுல கோட்டைப் பார்த்தா பதினாலா, நாப்பதான்னு சந்தேகம் வந்துடுது. பன்னிரண்டு எலியைக் கொன்ன கை இதுன்னு தோணுது. பக்கத்துத் தெரு கேரல் ஆன்ட்டிதான் காலைலயும் சாயந்தரமும் வந்து போட்டுட்டுப் போறாங்க. பாவம், நல்லவங்க, ஆனா கை முரடு. மம்மி பல்லைக் கடிச்சிட்டு உட்கார்ந்திருப்பாங்க, நான் அடுப்படிக்குப் போயிடுவேன்.

"நானாத்தான் இருக்கும்"னு எழுதியிருக்கீங்க. அன்னைக்கு சாரும் "போயிருக்கும்"னுதான் சொன்னார், அதுலதான் என் வேலை போச்சு. எனக்கு "இருக்கும்" வேண்டாம். நிரூபிச்சுக் காட்டுங்க. எனக்கு எழுதினதை அவருக்கும் எழுதுங்க.

ஆஞ்சலா


வைட்ஃபீல்ட்,
8 டிசம்பர் 2024

அன்புள்ள ஆஞ்சி,

நீ திட்டினதுல ஒரு வார்த்தை கூட அதிகமில்ல.

உன் லெட்டர் வந்த அன்னைக்கே சார்கிட்ட எல்லாத்தையும் எழுதிக் குடுத்தேன். அரை மணி நேரம் கத்தினார். அப்புறம் அவரே அனுமதி வாங்கித் தந்தார். அந்தக் குறி போட்ட குப்பியிலிருந்து நாலு எலிக்கு, சரியான பச்சை மூடியிலிருந்து நாலு எலிக்கு, ரெண்டுக்கும் உன் நோட்டுல இருந்த அதே அளவு. ஊசி நான் போட்டேன், நம்ம லேப் அனுஷா பக்கத்துல நின்னு ஒவ்வொண்ணையும் சரிபார்த்தா. ஆறாம் நாள், குறி போட்ட குப்பியிலிருந்து ஊசி போட்ட நாலும் செத்துப்போச்சு. அதே வெள்ளைப் புள்ளி, அதே மண்ணீரல். மத்த நாலும் இன்னைக்கு வரைக்கும் கூண்டுல ஏறி இறங்கிட்டு இருக்குங்க. செத்ததுங்களுக்காக மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனாலும் நெஞ்சுல இருந்த பாரம் இறங்கிடுச்சு, அதை மறைக்க விரும்பல.

பழைய ரிப்போர்ட்டைத் திருத்தி லேப்ல எல்லாருக்கும் அனுப்பியாச்சு. சாரோட மன்னிப்புக் கடிதம் இதோட இருக்கு, உன்னைத் திரும்பக் கூப்பிட்டிருக்கார். என் கட்டுரை ஒரு வருஷம் தள்ளிப் போகுது. போகட்டும்.

உன் சின்ன சைஸ் கிளவுஸ் இங்க யாருக்கும் பத்தல. நாலு பெட்டி அப்படியே கிடக்கு.

அம்பு


மர்பி டவுன்,
16 டிசம்பர் 2024

அன்புள்ள அம்பு,

ஜனவரி ரெண்டாம் தேதி வர்றேன். துணிக்கடைல சொல்லிட்டேன். அதுக்குள்ள ஸ்பிரிட்டுக்கு அழியாத மார்க்கர் ஒரு டஜன் வாங்கி வை. சிவப்பு மூடி இல்லன்னா அன்னைக்கு வேலை கிடையாது, இதைச் சுவத்துல எழுதி ஒட்டு. கோபம் முழுசாப் போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சதும் வீட்டுக்கு வா, கிறிஸ்துமஸ் பலகாரத்துக்குக் கல்கல் உருட்ட ஆள் வேணும். உருட்டுறப்போ மிச்சத்தையும் திட்டித் தீர்த்துடுறேன்.

சாரோட லெட்டரை மம்மிக்கு ரெண்டு தடவை படிச்சுக் காட்டினேன். மறுநாள் காலைல, கேரல் ஆன்ட்டி வர்றதுக்கு முன்னாடியே மம்மி நாற்காலியை என் பக்கத்துல இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையை நீட்டிட்டாங்க. பதினாலு யூனிட். கோட்டை ஒரே தடவைதான் பார்த்தேன் அம்பு.

கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, "எப்பம்மா போடப் போற?"ன்னு கேட்டாங்க.

போட்டு முடிச்சு ஊசியைக் கூட எடுத்து வெச்சிருந்தேன்.

உன்,
ஆஞ்சி