தண்ணீருக்காகச் சொன்ன ஆமா

ஜனவரி 7, செவ்வாய்

கருங்கல் ஊர்த் தையல் கடையில் இன்று முழுக்க நைட்டிக்குக் கழுத்து வைத்தேன். ஒன்று கோணலாகி, பிரித்து மறுபடி தைத்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பேசத் தேவையில்லாத வேலை, அதனால்தான் பிடித்திருக்கிறது. பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டதும் அதனால்தான். எழுந்து நின்று வாசி என்றால் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொள்வேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். கால்மேல் தலையணை. அதற்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் கையை ஓட்டுகிறாள்.

"என்னம்மா இது?"

"ஒன்னைக் குளிப்பாட்டினதுக்கப்புறம் இந்தக் காலுக்கு வேலையே இல்ல மக்கா. மறந்து போச்சான்னு பாக்கேன்."

அக்கா ஆதிரா இங்கிலாந்தில் நர்ஸ். மார்ச்சில் அவளுக்குப் பேறு. அனீஷ் அத்தானுக்கு இரவு வேலை. அம்மா போயே ஆக வேண்டும். பிள்ளையைக் குளிப்பாட்ட பிளாஸ்டிக் தொட்டி வாங்கியிருப்பதாக அக்கா போனில் காட்டினாள்.

"அதுல பிள்ளையைக் குளிப்பாட்டவா, மீன் கழுவவா?" என்றாள் அம்மா.

ஜனவரி 11, சனி

திங்கட்கிழமை விசாவுக்கு எழுதிப் போடப் போகிறோம். அப்பா சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம், "நாகம்மை, அந்தக் கேஸு?" என்றார்.

"அதுதான் முடிஞ்சிட்டே."

கேஸ் என்றால் தண்ணீர்க் கேஸ். போன கோடைக்கு முந்தைய கோடையில் குழாயில் தண்ணீர் நின்று வெகுநாள் ஆகியும் யாரும் வரவில்லை. எங்கள் தெருப் பெண்கள் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள். அம்மாவுக்குப் பின்னால், அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் இருந்தேன். சாயங்காலம் குழாயில் தண்ணீர் வந்தது. அடுத்த வாரம் ரோட்டை மறித்ததாகக் கேஸும் வந்தது. சின்னப் பிள்ளை என்று என் பேரைச் சேர்க்கவில்லை.

அது பாட்டுக்கு வாய்தா வாய்தாவாக இழுத்தது. போன ஜூலையில் அக்கா உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் அம்மாதான் வீடு வீடாக ஏறினாள். "பாஸ்போர்ட் எடுக்கணும், வழியில இது கிடக்க வேண்டாம், வாங்கோ முடிச்சிருவோம்." குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினால் ஒரே நாளில் தீரும் என்று வக்கீல் சொன்னார். எல்லோரும் வேனில் போனார்கள். ஜட்ஜ் கேட்டார். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். அப்புறம் கோர்ட் வாசலில் ரசவடை தின்றுவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்வந்தவர்கள் மாதிரி வந்து இறங்கினார்கள்.

ஜனவரி 13, திங்கள்

டிராவல்ஸ் வைத்திருக்கும் ஞானதாசன் அண்ணன்தான் கம்ப்யூட்டரில் எழுதினார். கேள்வியை வாசிக்காமலே ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனார். நான் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தேன். எந்த நாட்டிலாவது குற்றத்துக்குத் தண்டனை பெற்றதுண்டா? அபராதமும் அதில் சேரும் என்று கீழேயே இருந்தது. அவர் 'இல்லை' என்று போட்டுத் தாண்டிவிட்டார்.

சொல்லவா, வேண்டாமா?

"அண்ணே… அது… அம்மா அபராதம் கட்டியிருக்கு."

அவர் திரும்பிப் பார்த்தார். "எக்கா, உங்க பிள்ளைக்கு வாய் உண்டுமா? நான் ஊமைன்னுல்லா நெனச்சேன்!" கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "ஏ பிள்ளே, இதெல்லாம் ஒரு கேஸா? எல்லாரும் இல்லன்னுதான் போடுவாவ. ஆமான்னு போட்டா விசா கெடைக்காது. கேட்டியா?"

அம்மா என்னைக் கேட்டாள். "என்னட்டி எழுதியிருக்கு?" தமிழில் சொன்னேன். அவள் எழுந்துவிட்டாள். "பொங்கல் கழிஞ்சு வாறோம், ஞானதாசா."

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அக்கா போனில் கத்தினாள். "நந்து, இல்லன்னு போடுட்டி! ஒரு தண்ணிக் கேஸை இவனுவ எங்க போய்த் தேடப் போறானுவ? எனக்கு அம்மா வேணும்."

அவளுக்கு அம்மா வேண்டும். எனக்கு அது தெரியாதா?

ஜனவரி 16, வியாழன்

இன்று போட்டோம்.

டிராவல்ஸ் நாற்காலியில் உட்கார்ந்ததும் அம்மா சொன்னாள்: "மக்கா, நான் களவுக்குப் போவல்ல. தண்ணிக்குத்தான் ரோட்டுல இருந்தேன். ஜட்ஜி கேட்டப்ப கையத் தூக்கி ஆமான்னேன். அவர்ட்ட ஆமா, வெள்ளக்காரன்ட்ட இல்லையா? நீ ஆமான்னே அமுக்கு."

ஞானதாசன் அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டார். "நான் தொடமாட்டேன். நீயே அமுக்கு."

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. 'இல்லை' என்று அமுக்கிவிட்டு 'ஆமா' போட்டேன் என்று சொன்னால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. அக்காவுக்கு அம்மா கிடைப்பாள். அதைத்தான் நினைத்தேன். கொஞ்ச நேரம் நினைத்தேன்.

ஆமா என்றுதான் அமுக்கினேன். என்ன நடந்தது என்று கேட்டிருந்த இடத்தில் தண்ணீர், குடம், ரோடு, ஜட்ஜ் எல்லாம் போனில் வார்த்தை தேடித் தேடி எழுதினேன். ரசவடையை மட்டும் எழுதவில்லை.

பிப்ரவரி 12, புதன்

விசா இல்லை.

கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நாங்கள் சொன்னதை அவர்கள் நம்பியிருக்கிறார்கள். நம்பியதால்தான் இல்லை. அபராதம் விதித்து ஓர் ஆண்டு ஆகவில்லையாம். ஆன பிறகு மறுபடி கேட்கலாமாம்.

போன ஜூலையில் அம்மா அவசரப்பட்டு முடித்தது எதற்கு? வழி சுத்தமாக இருக்க. அதுவே குறுக்கே கிடக்கிறது. எல்லை என்றால் எனக்குக் களியக்காவிளைதான் தெரியும். பஸ் ஒரு குலுக்கு குலுக்கும், கடைப் பலகையெல்லாம் மலையாளத்துக்கு மாறும், அவ்வளவுதான். பெண்கள் குடத்தோடு உட்கார்ந்த ரோடு இங்கிலாந்து வரைக்கும் நீளும் என்று யாருக்குத் தெரியும்?

அக்கா அழவில்லை. "நீங்க ரெண்டு பேரும் அங்க உண்மை பேசிட்டு இருங்கோ. நான் இங்க தனியா பெத்துக்கிடுதேன்." போனை வைத்துவிட்டாள்.

என்னாலதான். நான் வாயைத் தொறக்காம இருந்திருந்தா? இத்தனை நாள் பேசாம இருந்தவ அண்ணைக்கு மட்டும் எதுக்குப் பேசினேன்?

பிப்ரவரி 13, வியாழன்

தெருக் குழாயடியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு பிளஸ்ஸியின் அம்மா என் அம்மாவிடம் மெல்லக் கேட்டாள், "எக்கா, அப்ப நாமெல்லாம் குற்றவாளியளா?"

"ஆமா. குற்றவாளியளுக்குத்தான் தண்ணி வருது. குடத்தை நேரா வையி, சாயுது."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். வீட்டுக்குள் வந்து குடத்தை இறக்கியவள் வெகுநேரம் அதன் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை. அப்பா ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர், அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மார்ச் 9, ஞாயிறு

பெண் பிள்ளை. இருவரும் நலம்.

மார்ச் 15, சனி

அத்தான் தொட்டியில் குளிப்பாட்டுவதைப் போனில் காட்டினார். எங்கே பிடிப்பதென்று அவருக்குத் தெரியவில்லை, பிள்ளை வீறிட்டாள். "தலையைத் தாங்கு மக்களே, கழுத்து… கழுத்து!" என்று அம்மா போனைப் பார்த்துக் கத்தினாள். அப்படியே மெல்லத் தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். நீட்டியது அவளுக்கே தெரியவில்லை.

அக்கா என்னோடு பேசவில்லை.

மே 20, செவ்வாய்

அக்கா ஒரு படம் அனுப்பினாள். எனக்கு மட்டும். பிள்ளை சிரிக்கிறாள். கீழே ஒரு வார்த்தையும் இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆண்டு கழிந்துவிட்டது. மறுபடி போட்டோம். இந்த முறை எல்லாக் கேள்வியையும் நானே நிரப்பினேன். அந்த இடம் வந்ததும் ஞானதாசன் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"ஆமாவா?"

"ஆமா அண்ணே." என் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது. போன தடவை விசா மறுத்தார்களா என்றும் ஒரு கேள்வி. அதற்கும் ஆமா.

"இப்ப ரெண்டு ஆமா ஆச்சே," என்றார். சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

விசா வந்தது. அம்மா பெட்டியில் எதையெல்லாம் வைக்கிறாள்! பேறுகால மருந்தை எடுத்தாள், அதற்குக் காலம் போய்விட்டதை நினைத்து மறுபடி அலமாரியில் வைத்தாள்.

செப்டம்பர் 6, சனி

திருவனந்தபுரம் விமான நிலையம் வரை நானும் அப்பாவும் போனோம். அம்மா உள்ளே போகும்போது திரும்பி, "அடுப்பைப் பாத்துக்க," என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் அவள் சேலை தெரிந்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

அக்கா அழைத்தாள். என்னைத்தான் அழைத்தாள். "நந்து, இஞ்ச பாரு."

குளியலறைத் தரையில் அம்மா. சேலையை முழங்கால் வரை ஏற்றிக் காலை நீட்டியிருக்கிறாள். பிள்ளையைக் காலில் போட்டாள். அது காலைவிட வளர்ந்துவிட்டது. பாதம் இரண்டும் வெளியே தொங்கின. படுக்கவும் மாட்டேன் என்றது. புரண்டது, அம்மாவின் வளையலைப் பிடித்து எழுந்து உட்கார்ந்துகொண்டது.

அக்கா மெதுவாகக் கேட்டாள், "இனி படுக்க வைக்க முடியாதாம்மா?"

"முடியாது மக்கா. அது கழிஞ்சு போச்சு."

அம்மா ஒரு கையால் பிள்ளையின் முதுகைத் தாங்கினாள். இன்னொரு கையால் கப்பில் தண்ணீர் மொண்டு, உட்கார்ந்தபடியே இருந்த பிள்ளையின் தலையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.