அஞ்சலைக்கு, பாப்பாவின் பரிசோதனை முடிவு

என் அஞ்சலைக் கண்ணுக்கு,

நீ போன பிறகு ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. மலையில் சாமை அறுத்துவிட்டார்கள். நேற்று உன் ஊருக்குப் போயிருந்தேன். உன் வீட்டுக்காரர் முருகேசன் இருந்தார். உன்னிடம் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுப் போகும்படி கேட்டார். உன்னைப் புதைத்த இடத்தில் போய் நின்றேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இதை என்னோடு வேலை செய்கிற மற்றவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்து சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

நான் உன் மலைக்குக் கீழே இருக்கிற ஒடுகத்தூர்க்காரி. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை. நோயாளிகளிடம் எடுத்து வருகிற சளியிலும் ரத்தத்திலும் என்ன கிருமி வளர்கிறது என்று பார்ப்பேன். வார்டில் ஆள் குறைவாக இருந்தால் மாதிரி எடுக்கவும் போவேன். அப்படிப் போன இடத்தில்தான் உன்னைப் பார்த்தேன். மடியில் பாப்பா இருந்தாள். கக்குவானுக்கான முதல் தடுப்பூசி போடும் வயதுகூட அவளுக்கு ஆகவில்லை. இன்னும் பெயர் வைக்கவில்லை என்றாய். அதனால் சீட்டில் ‘அஞ்சலை குழந்தை’ என்றுதான் எழுதியிருந்தது.

கக்குவான் இருமல் என்றால் பெரிய பிள்ளைகளுக்கு இருமி இருமி, கடைசியில் மூச்சை இழுக்கும்போது கூவுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். உன் பாப்பாவுக்கு அந்தச் சத்தம் போடக்கூட தெம்பில்லை. முகம் சிவந்தது, பிறகு நீலம் பாய்ந்தது, மூச்சு நின்று நின்று வந்தது. மெல்லிய குச்சியை மூக்குக்குள் விட்டு மாதிரி எடுக்க வேண்டும் என்று சொன்னேன். நர்ஸ் தலையைப் பிடிக்க வந்தார்.

“நானே புடிச்சுக்கிறேங்க. என் கையின்னா அழாது” என்றாய்.

அவள் அழவே இல்லை. அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாள்.

ஊருக்குத் திரும்பத் துணிமூட்டையோடு வராந்தாவில் நின்றிருந்தாய். நான் அந்தப் பக்கமாகப் போனேன். என்னை நிறுத்தி, மலையில் சுகாதார நிலையத்தில் முதலில் கொடுத்த மருந்தைப் பற்றிக் கேட்டாய்.

“மொத வேள மருந்த பாப்பா கக்கிடுச்சுங்க. இன்னொரு வாட்டி குடுக்கலாமான்னு பாத்தேன். ஜாஸ்தியாயிடுமோன்னு பயந்துகினு வுட்டுட்டேன். குடுத்திருந்தா பொழச்சிருக்குமா?”

பக்கத்திலிருந்த ஒரு அம்மா, “அதெல்லாம் யோசிக்காத கண்ணு” என்றார். நான், “தெரியலம்மா” என்றேன். எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. வெகுநாள் கழித்து நீ சொன்னாய்: “எல்லாரும் யோசிக்காத, யோசிக்காதன்னாங்க. நீ ஒருத்திதான்க்கா தெரியலன்ன. அதான் உன்ன புடிச்சுப்போச்சு.”

பாப்பாவுக்கு வந்தது கக்குவான்தான் என்று லேபில் தெரிந்ததும், மலையில் வேறு யாருக்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்க நாங்கள் ஜீப்பில் கிளம்பினோம். எங்கள் டாக்டரம்மா, டிரைவர், நான். உன் ஊரில் எங்களைப் பார்த்ததும் கதவுகளைச் சாத்தினார்கள். வேப்பமரத்தடியில் ஒருவர் வழிமறித்தார்.

“குச்சி வுட்டப்புறம்தானே அந்தக் கொழந்த செத்துச்சு? எங்க பசங்கள தொட வேணாம். வண்டிய திருப்புங்க.”

டாக்டரம்மா என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை. அப்போது உன் வீட்டுக் கதவு திறந்தது. பாப்பா போனதிலிருந்து நீ வெளியே தலைகாட்டவில்லை என்று பிறகுதான் எனக்குத் தெரியும். தலைகூட வாரியிருக்கவில்லை. நேராக வந்து எங்களுக்கு எதிரில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தாய்.

“மொதல்ல எனக்கு எடுங்க.”

எடுத்தேன். யாராக இருந்தாலும் அந்தக் குச்சிக்குக் கண்ணில் தண்ணீர் வரும். உனக்கும் வந்தது. அதைத் துடைக்காமலே சாத்திய கதவுகளைப் பார்த்துச் சொன்னாய்.

“எறும்பு போனாப்புல இருக்குது, அவ்ளோதான். பாப்பா செத்தது குச்சியால இல்ல, இருமலால. பக்கத்துலயே இருந்தவ நான். எனக்குத் தெரியாதா?”

முதலில் வந்தவள் உன் பக்கத்து வீட்டுப் பொன்னி, இடுப்பில் பையனோடு. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். அன்று மாலை நாங்கள் கிளம்பும்போது நீயும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாய். “அடுத்த ஊருலயும் இதேதான் சொல்லுவாங்க. நான் வர்றேன்” என்றாய். யாரும் உன்னைக் கூப்பிடவில்லை. யாராலும் இறக்கவும் முடியவில்லை.

அந்தப் பருவம் முழுக்க நீ எங்களோடு அலைந்தாய். ஒரு வீட்டில் இருமல் இருந்தால், அவர்களுக்கு முன்னால் இருமிய வீடு எது, இடையில் அவர்கள் எங்கே போய்வந்தார்கள் என்று தேடிக்கொண்டே போவோம். ஜீப் போகாத ஊர்களுக்கு நடந்தோம். காவலூர்ப் பக்கம் நடந்த ஒரு கல்யாணத்துக்குப் போனவர்கள் நான்கைந்து ஊர்களில் இருமிக்கொண்டிருந்தார்கள். ஒன்றாக உட்கார்ந்து புளி தட்டிய பெண்கள் இருமினார்கள். கர்நாடகத்துக் காபி எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போய்த் திரும்பியவர்களும் இருமினார்கள். பெரியவர்களுக்கு அது வெறும் விடாத இருமல். படுக்கையில் தள்ளாது. அதனால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. கைக்குழந்தையிடம் போகும்போதுதான் அதன் குணம் தெரியும்.

மாதிரி கொடுக்க மறுத்த அந்தப் பெரியவரை நினைவிருக்கிறதா? “இது பீடி இருமல்மா. பீடிய வுட்டா இதுவும் வுட்டுரும்” என்றார். நீ குச்சியை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, “சரி மாமா, பீடிய வுடு. எத்தினி நாள் ஆனாலும் நாங்க இங்கயே குந்திக்கினு இருக்கோம்” என்றாய். அவர் சிரித்துவிட்டார். நீயும் சிரித்தாய். நீ சிரித்து நான் பார்த்தது அப்போதுதான் முதல்முறை.

இன்னொரு நாள், பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது, திடீரென்று முருகேசனைப் பற்றிச் சொன்னாய்.

“அவரு எஸ்டேட்டுலருந்து வரும்போதே இருமிக்கினுதான்க்கா வந்தாரு. பாப்பா மூஞ்சியில மூஞ்சி வெச்சிக்கினே கெடந்தாரு. மொதப் பொண்ணு இல்ல? நான் எப்டி வேணாம்னுவேன்?” பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாய். “இத அவராண்ட நீ சொல்லாத. தாங்கமாட்டாரு.”

சொல்லமாட்டேன் என்றேன். இந்தக் கடிதமும் அவர் கைக்குப் போகாது. பஸ் வந்தது.

அதற்குப் பிறகுதான் எங்களுக்கே விளங்காத ஒன்று நடந்தது. மருந்து சாப்பிட்டு முடித்த பிள்ளைகளுக்கு மறுபடி மாதிரி எடுத்தோம். கிருமி போயிருக்க வேண்டும். பலருக்குப் போகவில்லை. பொன்னியின் பையனுக்கும் போகவில்லை. இந்த மாதிரி நேரத்தில் வழக்கமாகப் பழி யார்மேல் விழும் என்று உனக்குத் தெரியும். மருந்தை ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்று அம்மாக்களைச் சொல்வார்கள். எங்கள் டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை. உன்னைத்தான் கேட்டார்.

“பொன்னி மருந்து குடுத்ததை நீ பார்த்தியா?”

“எல்லா வேளையும் பாத்தேன் டாக்டர்மா. ஒரு சொட்டு கீழ வுடல.”

“அப்போ மருந்தைத்தான் சந்தேகப்படணும்” என்றார் அவர்.

இந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று யாரும் வழக்கமாகச் சோதிப்பதில்லை. காலங்காலமாக ஒரே வகை மருந்து, அது கேட்கும் என்ற நம்பிக்கை. அந்த மருந்துக்குக் கட்டுப்படாத வகை வெளிநாடுகளில் பரவுகிறது என்று படித்திருந்தோம். நம் மலைக்கும் வந்திருக்குமோ? சோதிக்க முடிவு செய்தோம். புதிதாக எடுத்த மாதிரிகளோடு, உறையவைத்துப் பத்திரப்படுத்தியிருந்த உன் பாப்பாவின் கிருமியையும் வெளியே எடுத்தேன். உன்னிடம் சொன்னேன். “அப்ப நான் கேட்டதுக்கும் பதில் தெரியுமாக்கா?” என்றாய். தெரியலாம் என்றேன். “தெரிஞ்சதும் போன் பண்ணு. டவர் இல்லன்னா ஏறி வந்து சொல்லு.”

இந்தக் கிருமி மெதுவாகத்தான் வளரும். அது வளர்ந்துகொண்டிருந்தபோதுதான் நீ ஒடுகத்தூர்ச் சந்தைக்குப் போய்விட்டு, மற்ற பெண்களோடு மினி லாரியில் திரும்பினாய். வளைவில் வண்டி கவிழ்ந்தது. மற்றவர்களுக்கு அடி மட்டும். உனக்கு மட்டும் ஏன் அப்படி, அஞ்சலை?

செய்தி வந்தபோது நான் லேபில் இருந்தேன். மலைக்கு வந்தேன். உன் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. தலையை நன்றாக வாரி, பூ வைத்திருந்தார்கள்.

கிருமியைத் தடவிய தட்டில், மருந்து தோய்த்த சின்ன வில்லை ஒன்றை வைப்போம். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காமல், தெளிவாக ஒரு வட்டம் விழும். பொன்னி பையனின் தட்டில் வட்டமே இல்லை. வில்லையின் ஓரம்வரை கிருமி முளைத்திருந்தது. உன் பெயர் எழுதிய தட்டைக் கடைசியாகத்தான் எடுத்தேன். அதிலும் இல்லை. நம்பிக்கை வராமல் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பெரிய லேப் ஒன்றுக்கும் அனுப்பினோம். அவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

‘அஞ்சலை குழந்தை’ என்ற எழுத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன். போனை எடுத்து உன் நம்பரைத் தேடியும்விட்டேன். அப்புறம்தான் உறைத்தது.

அதற்குப் பின் நடந்தது என்னவென்றால், மலைச் சுகாதார நிலையத்துக்கு டாக்டரம்மா தகவல் சொன்னார். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறு மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். பொன்னியின் பையன் தேறிவிட்டான். அடுத்த முறை எடுத்த மாதிரியில் கிருமி இல்லை. ஆனால் உன் பாப்பா வயதுக் குழந்தைகளுக்கு அந்த மருந்தைச் சுலபமாகக் கொடுத்துவிட முடியாது. அவர்களைக் காப்பாற்றும் வழி, இருமுகிறவர்களை அவர்களிடம் அண்டவிடாமல் பார்த்துக்கொள்வதும் மற்ற பிள்ளைகளுக்குத் தடுப்பூசி தவறாமல் போடுவதும்தான். போன மாதம் வேறொரு ஊரில் இன்னொரு கைக்குழந்தை போய்விட்டது. அதையும் உன்னிடம் மறைக்கத் தோன்றவில்லை.

நேற்று முருகேசனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

“நான் எஸ்டேட்டுலருந்து இருமிக்கினு வந்தேங்க. என்னாலயா?”

அப்போது உன் ஊரில் இருமாத வீடு குறைவு. பாப்பாவுக்கு யாரிடமிருந்து வந்தது என்று எங்கள் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. அதைத்தான் சொன்னேன். அது பொய்யில்லை.

“அவ என்னிய ஒரு வார்த்த கேக்கலங்க. தெரிஞ்சேதான் கேக்காம இருந்தாளா?”

உனக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், அவர் முகம் ஒரு பக்கம். “உங்க மேல கோவமா அவ எங்கிட்ட ஒரு நாளும் பேசினதில்லைங்க” என்று மட்டும் சொன்னேன். அதுவும் பொய்யில்லை. அவர் எழுந்து உள்ளே போனார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

“அந்த மருந்து விஷயம், அவளாண்ட சொன்னீங்களா?”

“இல்லைங்க. அதுக்குள்ள போய்ட்டாளே.”

“ராவெல்லாம் அதையேதான் கேட்டுக்கினு இருப்பா. இன்னொரு வாட்டி குடுத்திருக்கலாமா, குடுத்திருக்கலாமான்னு. போய் சொல்லிட்டு வாங்க. என்னால முடியாது.”

என்னாலும் முடியவில்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்.

அந்த மருந்தை நீ இன்னொரு முறை கொடுத்திருந்தாலும், பத்து முறை கொடுத்திருந்தாலும், ஒன்றும் மாறியிருக்காது. அந்தக் கிருமிக்கு அந்த மருந்து கேட்காது. வேறு மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டால், அது எனக்குத் தெரியாது. அவ்வளவு சின்ன உடம்பு அது. ஆனால் நீ கேட்ட கேள்விக்குப் பதில் தெரியும். நீ எந்தத் தப்பும் செய்யவில்லை, அஞ்சலை. கொஞ்சமும் இல்லை.

இந்த ஒரு வார்த்தையை உன் காதில் போட முடியாமல் போனதுதான் எனக்கு ஆறவே இல்லை. பாப்பா போன துக்கத்தை நீ சுமந்துதான் ஆகவேண்டியிருந்தது. இந்தப் பாரத்தையாவது இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கலாமே.

அமிர்திப் பக்கத்து ஊர்களில் இருமல் கேட்கிறது என்று தகவல் வந்திருக்கிறது. வருகிற வாரம் போகிறோம். கதவைச் சாத்துவார்கள். நீ இல்லாமல் எப்படித் திறக்க வைப்பேன் என்று தெரியவில்லை. முதலில் என் மூக்கில் நானே குச்சி விட்டுக் காட்டலாம் என்று இருக்கிறேன்.

ஒன்று மட்டும் உனக்குச் சத்தியம் செய்கிறேன். அந்த மலையில் எந்தத் தாய் என்னிடம் எதைக் கேட்டாலும், யோசிக்காதே என்று சொல்லி அனுப்பமாட்டேன். தெரியாததைத் தெரியாது என்பேன். பதில் தெரிகிற அன்றைக்கே மலையேறுவேன். அவள் உயிரோடு இருக்கும்போதே, அவள் எதிரில் உட்கார்ந்து சொல்வேன்.

வயிற்றில் பிறக்காவிட்டாலும் உன் கூடப் பிறந்தவள்,
உன் அக்கா நிர்மலா