இஸ்மாயிலின் சிவப்பு உப்பு

என் அருமை மச்சான் இஸ்மாயிலுக்கு,

நீ போனபிறகு ஒரு மழைக்காலம் வந்து போய்விட்டது. மஞ்சள் காமாலைக்கு இந்த ஊரில் எத்தனையோ பேர் படுத்து எழுந்திருக்கிறார்கள். நீ ஏன் எழுந்திருக்கவில்லை? உன்னோடு சண்டை போடாமல் பேசி எனக்குப் பழக்கமில்லை. அதனால் இந்தக் கடிதத்திலும் கொஞ்சம் சண்டை இருக்கும், பொறுத்துக்கொள்.

உனக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. மற்றவர்களும் இதைப் படிக்கப் போகிறார்கள் என்பதால், முதலில் நம் கதையைச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். நான் தப்பாகச் சொன்னால் வழக்கம்போல் குறுக்கே வா.

செங்கல்பட்டுக் கல்லூரியில் நீ தாவரவியல், நான் ரசாயனம். சதுரங்கப்பட்டினத்தில் உன் வாப்பாவுக்குக் கருவாட்டு மண்டி. ஒவ்வொரு கோடையிலும் உப்புப் போட்ட சுறாவின் மேல் ரோஜா நிறத்தில் ஒரு பிசுபிசுப்பு படரும். சிவப்பு விழுந்த சரக்கை எந்த வியாபாரியும் தொடமாட்டான். வாப்பா காற்றைத் திட்டுவார், சாக்கைத் திட்டுவார், கண்ணில் பட்ட எல்லாரையும் திட்டுவார். நீ மட்டும் அதைக் கத்தியால் வழித்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு செய்யூர்ப் பக்கம் உப்பளத்துக்குப் போனாய். உப்பு இறுகுவதற்கு முந்தைய பாத்தியில் தண்ணீரே அதே சிவப்பில் நின்றது. ஒரு பாட்டில் நிறைய மொண்டுகொண்டு பஸ் ஏறினோம். கண்டக்டர் உன் மடியைப் பார்த்து, "இன்னாய்யா அது, ரத்தமா?" என்றார். "உப்புத் தண்ணி அண்ணாத்த. உள்ள உசுரு கீது" என்றாய். திருக்கழுக்குன்றம் வரைக்கும் நம் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

கல்லூரியில் அதையே நம் ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொண்டோம். பேராசிரியர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இரும்புத் துரு என்றார். அதைச் சோதிப்பது என் பங்கு வேலை. சிவப்பை வடித்தெடுத்து ஆல்கஹாலில் போட்டேன். துரு என்றால் அடியில் அப்படியே கிடந்திருக்கும். நம் சிவப்போ கரைந்து ஆரஞ்சு நிறமாக இறங்கியது. சரி, துரு இல்லை. அதுவரைக்கும் ஒப்புக்கொண்டேன். ஆனால் நீ உயிர் என்றாய் பார், அங்கேதான் நமக்கு முட்டிக்கொண்டது.

நான் படாளத்துக்காரன். எங்கள் கொல்லையில் உவர் ஏறின மூலையில் புல்கூடத் தலைகாட்டாது. கெடாமல் இருக்கத்தான் ஊறுகாய்க்கும் மீனுக்கும் உப்பைப் போடுகிறோம். அந்த உப்புக்குள்ளேயே ஒன்று குடித்தனம் நடத்துகிறது என்று நீ சொன்னால் எப்படி நம்புவேன்?

நிரூபிப்பதற்கு வழி ஒன்றுதான். அந்தத் தண்ணீரை நீர்க்க வைத்து, நுண்ணுயிர் வளர்க்கிற அகார் கூழ் ஊற்றி இறுகவிட்ட தட்டில் பூசி, ஏதாவது முளைக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூழில் உப்பைத் தாராளமாகத்தான் போட்டாய். நம் ஆய்வுக்கூடத்தில் உன்னைப்போல் சுத்தமான கை யாருக்கும் கிடையாது. காய்ச்சி வடித்த நீரை மறுபடி பிரஷர் குக்கரில் வேகவைத்து, அதில்தான் நீர்க்க வைப்பாய். நுண்ணோக்கியில் பார்ப்பதற்கும் அப்படியே. கண்ணாடி வில்லையில் நல்ல தண்ணீர் ஒரு சொட்டு, அதில் நம் சிவப்பைக் கலப்பது. பாடப்புத்தகம் அப்படித்தான் சொன்னது. தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை. வில்லையிலும் ஒன்றும் தெரியவில்லை. பொங்கல் லீவு முடிந்ததும் வேறு தலைப்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

லீவுக்கு முந்தைய நாள் கரண்ட் போயிற்று. நீர் வடிக்கிற கருவி நின்றுவிட்டது. ஜாடியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நான் சந்தோஷமாக ஊருக்குக் கிளம்பினேன். நீ மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்தாய்.

"இன்னாடா பண்ணப் போற?"

"உப்பளத்துத் தண்ணியவே வடிகட்டி வேகவெச்சு அதுல கலக்கறேன். இன்னா, குடியா முழுகிடும்?"

கலந்தாய், பூசினாய். தட்டுகளைப் பாலிதீன் பையில் சுற்றி வெயில் படாத ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தாய். லீவு முடிந்தும் அவற்றைத் தூக்கிப்போட நீ விடவில்லை. கெஞ்சிக் கெஞ்சி நாளைத் தள்ளினாய். ஒரு காலையில் தட்டுகளில் செக்கச் செவேலென்று புள்ளிகள். குண்டூசித் தலை அளவுதான். கோலத்துக்கு வைத்த புள்ளிபோல் ஒழுங்காக நின்றன.

நீ கத்துவாய் என்று நினைத்தேன். நீயோ ஒரு புள்ளியைத் தொட்டெடுத்து, இந்த முறை உப்புத் தண்ணீரிலேயே கலந்து வில்லையில் வைத்தாய். நுண்ணோக்கியின் கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்து, பார் என்றாய்.

பார்த்தேன் மச்சான். குச்சி குச்சியாக, ஆயிரமோ லட்சமோ, நீந்திக்கொண்டிருந்தன. ஊறுகாய் ஜாடியைவிட மோசமான உப்பில், ஒரு கவலையும் இல்லாமல். இத்தனை காலம் செத்த இடம் என்று நான் நினைத்திருந்ததெல்லாம் உண்மையில் செத்த இடம்தானா?

நீ அதோடு விடவில்லை. வடித்த நீரை ஒரே ஒரு சொட்டு, வில்லையின் ஓரத்தில் விட்டாய். தண்ணீர் உள்ளே பரவியது. அது போய்த் தொட்ட இடத்திலெல்லாம் குச்சிகள் உப்பி உருண்டையாகி, அடுத்த நொடி இல்லாமலே போயின. பொங்கிய நுரை அடங்குவதுபோல் அடங்கிவிட்டன. நீ நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாய்.

"சுத்தம் பண்றோம் சுத்தம் பண்றோம்னு இத்தினி நாளா கொன்னுகினு இருந்திருக்கோம்டா. அதுங்களுக்கு நல்ல தண்ணிதான் வெசம்."

வெற்றி பெற்றவன் முகமாக அது இல்லை. எழவு வீட்டில் உட்கார்ந்திருப்பவனைப் போலிருந்தாய். அன்றைக்கு உன்னைக் கிண்டல் செய்தேன். இன்றைக்கு அந்த முகம்தான் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

உப்போடு வருகிற அந்த உயிர் சாக, உப்பை வாணலியில் நன்றாக வறுத்துவிட்டு மீனுக்குப் போட்டால் சிவப்பு விழாது என்று பிறகு கண்டுபிடித்தோம். வாப்பா முணுமுணுத்துக்கொண்டே வறுத்தார். அந்தக் கோடையில் சுறா வெள்ளையாகவே இருந்தது. படிப்பு முடிந்ததும் நீ மண்டிக்குப் போனாய். நான் இதே ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்குச் செய்முறை காட்டுகிற வேலையில் சேர்ந்தேன்.

இனி சேதிக்கு வருகிறேன்.

உன் மய்யித்தை எடுத்துப்போய் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய பிறகு, வாப்பா உன் அலமாரியிலிருந்து ஒரு சின்னச் சீசாவை எடுத்துக் கொடுத்தார். வாய் மெழுகால் அடைத்திருந்தது. உள்ளே ரோஜா நிற உப்புக் கற்கள். "இது இன்னான்னு தெரியல தம்பி. தூக்கிப் போட மனசு வரல" என்றார். எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. நம் தட்டில் வளர்ந்ததை நீ உப்பிலேயே காயவைத்து மூடியது. வருஷக்கணக்காக அந்தக் கல்லுக்குள் இருந்திருக்கிறது. ஒரு துளி ஈரமில்லை, தீனியில்லை.

திறக்க எனக்குப் பயமாக இருந்தது. செத்துப்போயிருந்தால் என்ன செய்வேன்? உன்னை இன்னொரு தரம் அடக்கம் செய்ய என்னால் ஆகாது. அலமாரியில் வைத்துவிட்டுத் தினமும் அதைக் கடந்து போனேன், வந்தேன். பிறகு ஒரு நாள், வருவது வரட்டும் என்று மெழுகைச் சுரண்டினேன்.

கல்லைச் சோதனைக் குழாயில் போட்டேன். கை தானாக வடித்த நீர் ஜாடிக்குப் போயிற்று, தெரியுமா? பழக்கதோஷம். மூடியைத் திறந்தும் விட்டேன். "கைய எடுடா" என்று நீ சொன்னதுபோல் இருந்தது. எடுத்துவிட்டேன். உப்புத் தண்ணீரில் கரைத்துத் தட்டில் பூசிப் பாலிதீனில் சுற்றி, அதே ஜன்னல் ஓரத்தில் வைத்தேன்.

வாரங்கள் போயின. மாணவர்கள் காலித் தட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். நானும் உன்னைப் பார்த்து அப்படிச் சிரித்தவன்தானே.

வந்துவிட்டது மச்சான். சிவப்பாக, குண்டூசித் தலை அளவில்.

தந்தி அடித்து வாப்பாவை வரவழைத்தேன். பஸ் பிடித்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டே உள்ளே வந்தார். நுண்ணோக்கியில் எந்தக் கண்ணை வைப்பது என்று அவருக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிடிபட்டதும் அசையவில்லை.

"நீந்துது" என்றார்.

"ஆமா வாப்பா."

"என் புள்ள வெச்சதா இது?"

"அவன் வெச்சதுதான்."

அவர் கண்ணை எடுக்கவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. "எத்தினி வருசமா இதத் திட்டிகினு இருந்தேன்" என்றார். கிளம்பும்போது வாசல்வரை போனவர் திரும்பி வந்து, யாருக்கும் கேட்காத குரலில் என்னிடம் கேட்டார்.

"உப்பு போதுமா தம்பி அதுக்கு? போதலன்னா சொல்லு, நான் கொண்டாந்து தரேன். வறுக்காத உப்பு."

மாசம் தவறாமல் கொண்டுவருகிறார். உன் சிவப்பைப் புதுத் தட்டுக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறேன். இந்த ஆய்வுக்கூடத்தில் என் கை ஓடும்வரை அதன்மேல் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் படவிடமாட்டேன். என் கை ஓயும்போது, உன்னைப்போல் ஒரு பிடிவாதக்காரனைப் பார்த்து அவன் கையில் கொடுப்பேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

என்றும் உன் மச்சான்,
படாளம் ஏழுமலை