மருந்து அறைக் கதவில் என் கார்டை வைத்துப் பார்க்கக் கோரும் மனு

அனுப்புநர்
சு. அம்முலு, க/பெ. சுகுமார்,
மருந்து அறைப் பொறுப்பாளர் (இடைநீக்கத்தில்),
வயல்மணி விதைச் சுத்திகரிப்பு ஆலை,
உத்திரமேரூர் வட்டம்.

பெறுநர்
தொழிலாளர் உதவி ஆணையர் அவர்கள்,
காஞ்சிபுரம்.

பொருள்: நுழைவுக் கார்டு போலி என்ற பொய்க் குற்றச்சாட்டு – கதவிலுள்ள கருவியை வெள்ளிக்கிழமை கழற்றுவதற்குள் சோதிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. விதை நேர்த்திக்கான நச்சு மருந்துகள் உள்ள அறைக்குப் பதினோரு ஆண்டுகளாக நான் பொறுப்பு. ஆலையில் அந்த அறைக்கு மட்டுமே மின்பூட்டு. கதவுக் கருவியில் கார்டைக் காட்டினால் திறக்கும். கார்டு வைத்திருந்த மற்ற இருவரும் ஓய்வு பெற்று ஒப்படைத்துவிட்டார்கள். புழக்கத்தில் இருந்தது என்னுடையது ஒன்றுதான்.

2. இனி ஆலையில் எல்லோருக்கும் புதுவகைக் கார்டு தருவதாகச் சொல்லி, 30.6.2025 பிற்பகல் பாதுகாப்பு அலுவலர் திரு. ஸ்ரீகாந்த் என் கார்டை வாங்கி, கார்டு எண்ணைப் படிக்கும் தம் கைக்கருவியில் வைத்தார். மூன்று முறை வைத்தும் எண் வரவில்லை. ஷிப்டு மாறும் நேரம், அறுபது பேர் நின்றிருந்தார்கள். "இன்னாம்மா, ஒரிஜினல யாராண்ட குடுத்துட்டு இந்தப் பிளாஸ்டிக்க மாட்டிக்கினு சுத்துற?" என்றார். மருந்து அறைக் கதவில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். "மிஷினே இல்லன்னுது, கதவாண்ட போய் பூஜை போடப் போறியா?" என்றார். சிலர் சிரித்தார்கள். கார்டைத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

3. அன்று காலை 7.10க்கு அதே கார்டால் கதவைத் திறந்து, நெல் விதைக்கு மருந்து எடுத்துக் கொடுத்தேன். பதிவேட்டில் மேற்பார்வையாளர் திரு. மோகனின் கையெழுத்து இருக்கிறது. வெறும் பிளாஸ்டிக் என்றால் அன்று கதவைத் திறந்தது எது என்று எழுத்து மூலம் கேட்டேன். பதிலாக வந்தது, அசலை வெளியாளிடம் கொடுத்தேன் என்ற குற்றக் குறிப்பாணை. விசாரணை 14.7.2025 அன்று.

4. அந்தப் பூட்டைப் பொருத்தியவர் உத்திரமேரூர் கடைத்தெருவில் பூட்டுப் பழுது பார்க்கும் திரு. தௌஹீத். தம் பழைய பணிப்புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். சந்தையில் பரவலாக உள்ள கார்டுகள் 125 கிலோஹெர்ட்ஸ் அலையில் இயங்குபவை. திரு. ஸ்ரீகாந்தின் கைக்கருவியும் அதை மட்டுமே படிக்கும். எங்கள் கதவுக்கு வந்தது 153 கிலோஹெர்ட்ஸ். "கார்டு உயிரோடதான் கீதுக்கா. கை மிஷினுக்கு அந்த அலை தெரியாது, அவ்ளோதான்" என்றார். அவரது கடிதத்தை இணைத்துள்ளேன். அதை நான் நீட்டியபோது, பூட்டுக்காரன் பேச்சைப் படிக்க நேரமில்லை என்றார் திரு. ஸ்ரீகாந்த். தம் கருவி எதைப் படிக்கும் என்பதே அறியாதவர் என்னைத் திருடி என்கிறார்.

5. வரும் வெள்ளிக்கிழமை, 11.7.2025 அன்று, கதவிலுள்ள பழைய கருவியைக் கழற்றப் போவதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். விசாரணைக்கு மூன்று நாள் முன்பு. என் கார்டைப் படிக்கக்கூடிய கருவி திரு. தௌஹீத்துக்குத் தெரிந்து இந்த வட்டத்தில் வேறில்லை. அது போனால் நான் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

6. ஆகவே, கருவியைக் கழற்றத் தாங்கள் உடனே தடை விதிக்க வேண்டும். என் கார்டைத் திரு. ஸ்ரீகாந்திடமிருந்து பெற்று முத்திரையிட வேண்டும். பிறகு தங்கள் அலுவலர் ஒருவரே தம் கையால் அதைக் கதவில் வைத்துப் பார்க்கட்டும். கதவு திறக்காவிட்டால் விசாரணையே வேண்டாம். நானே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். திறந்தால், அறுபது பேர் முன்னால் சொன்னதை அதே அறுபது பேர் முன்னால் திரு. ஸ்ரீகாந்த் திரும்பப் பெற வேண்டும். தனியறையில் சொல்லும் வருத்தத்தை நான் ஏற்கமாட்டேன்.

இப்படிக்கு,
சு. அம்முலு

இடம்: உத்திரமேரூர்
நாள்: 8.7.2025

இணைப்பு: குற்றக் குறிப்பாணை நகல், திரு. தௌஹீத்தின் கடிதம், அறிவிப்புப் பலகையின் புகைப்படம்.