அம்மா கூடப் போடச் சொன்ன நூற்றியொன்று

அம்மா,

அண்ணைக்கு விசா கிடைத்துவிட்டது. நீங்கள் கடைக்குப் போன நேரம் தாய்லாந்திலிருந்து போன் எடுத்தார். பிள்ளை பிறக்கும்போது சிரிபோன் அண்ணிக்குப் பக்கத்திலேயே இருப்பார்.

தாய்லாந்துப் பெண்ணைக் கட்டியவரின் வங்கிக் கணக்கில் அந்த நாட்டுக் காசு நாலு லட்சம் பாத் இரண்டு மாதம் குறையாமல் கிடந்தால்தான் விசா. அவர் காசு போடப் போன அன்று, "மொட்டையாப் போடாதை ராசா, நூற்றியொண்டு கூடப் போடு" என்று போனில் சொன்னீர்கள். "இதென்ன கலியாண வீட்டு மொய்யே?" என்று நான் சிரித்தேன். இரண்டு நாள் நீங்கள் என்னோடு பேசவில்லை.

போன மாதம் வங்கி ஏதோ கட்டணம் என்று நூறு பாத் எடுத்துவிட்டதாம். மிச்சம் நாலு லட்சத்து ஒன்று. "அம்மான்ர நூற்றியொண்டு இல்லாட்டி இப்ப நான் பிளேனில இருந்திருப்பன்" என்றார்.

சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் அடுப்பில் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு அவருக்குப் போன் எடுங்கள். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மதி

நேரில் சொல்ல எனக்கு வராது அம்மா. நான் சிரித்தது பிழை.

லூயிஷாம் கோயிலில் அண்ணை பெயருக்கு அர்ச்சனை செய்யப் பத்துப் பவுண் தாள் ஒன்றை டீவிக்கு மேல் வைத்திருக்கிறேன். அதன் மேல் ஒரு பவுண் குத்திக் காசும் வைத்திருக்கிறேன்.