ரத்தக்குழாயில் என் பங்கு

மைசூர், 14.6.1997

அன்புள்ள அப்பாவுக்கு நமஸ்காரம். மூட்டுவலி தேவலையா? நான் சௌக்கியம். போன வருஷம் பலூன் வைத்து விரித்த இதயக் குழாய் மட்டும் மறுபடி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறேன், பயமில்லை.

டாக்டர் ஸ்ரீகண்டன் காரணம் சொன்னார்: "குழாய்ச் சுவத்துல இருக்கற தசை செல்லெல்லாம் அளவில்லாம வளர்றது சார். அதுல ஜீனுக்கும் பங்குண்டு. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்திருக்கா?"

"வந்திருக்கு. பாகம் பிரிச்சதுல அண்ணாவுக்கு வீடு, எனக்கு இது."

சிரிப்பார் என்று பார்த்தேன். "அண்ணாவுக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்றார்.

அண்ணாதான் என்னோடு பேசுவதில்லையே. வீட்டை அவனே வைத்துக்கொள்ளட்டும், இதில் மட்டும் அவனுக்குப் பங்கு வேண்டாம். நான் இங்கே வரச் சொன்னேன் என்று அவனிடம் சொல்லாதீர்கள், வரமாட்டான். எனக்கு உப்பு ஆகாதாம்; இருந்தாலும் அவன் கையில் கொஞ்சம் வடுமாங்காய் கொடுத்தனுப்புங்கள். கொண்டுவருகிறவனை டாக்டர் முன்னால் உட்காரவைப்பது என் பொறுப்பு.

தபால் எடுக்க ஆள் வந்தாயிற்று.

உங்கள்
ஜெயகிருஷ்ணன்