கோணி ஊசி ஒட்டாத காந்தம்

தம்பி அழகரு, என் கூடப் பிறந்த ராசா,

உன் காந்தத்தை நான் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். உன் காரியம் முடிந்த மறுநாள், உன் அறையை ஒழிக்கும்போது நடந்தது.

சாம்பிள் பார்க்காமல் நான் எதையும் விற்றதில்லை, உனக்குத் தெரியும். இரண்டு இரும்புக் கட்டை, சுற்றிலும் செம்புக் கம்பி. சாக்குத் தைக்கிற கோணி ஊசியை அதில் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை, கீழே விழுந்தது. செத்த காந்தம் என்று முடிவு கட்டினேன். கரண்டு பாய்ந்தால்தான் அதற்கு உயிர் என்று எனக்கு யார் சொல்ல? சொல்கிறவன் நீதானே.

நேற்று மதுரையிலிருந்து காசிம் வந்தான், உன்னோடு எம்.எஸ்சி. படிக்கிறவன். "அண்ணே, அழகரு சுத்துன காந்தம் வேணும். காலேஜு காந்தம் எரிஞ்சு போச்சுன்னுதான் அவன் லீவெல்லாம் உக்காந்து சுத்துனான். அவன் ஆரம்பிச்சத நான் முடிக்கிறேன்."

"வித்துட்டேன்" என்றேன். அவன் பையிலிருந்து உன் நோட்டை எடுத்து என் மேசையில் விரித்து வைத்தான்.

அந்தப் பக்கத்தை நீ எனக்கு முன்பே காட்டியிருக்கிறாய். காட்மியம் விளக்கின் வெளிச்சத்தைப் பிரித்தால் சிவப்பில் ஒரு கோடு. விளக்கைக் காந்தத்துக்கு நடுவில் வைத்தால் அதே கோடு மூன்று. அன்றைக்கு நான் கேலி பண்ணினேன்: "இதுக்கு எதுக்குடா மதுர? நம்ம ஏலக்காக் கிட்டங்கில சல்லடை போட்டா ஒரு குவியல் மூணாகுது."

"இல்லண்ணே. ஏலக்காயில பெருசு சிறுசு முன்னாடியே கெடக்கு, சல்லடை பிரிக்குது. இங்க அணுவுக்குள்ள ஒரே மட்டத்துல பல நிலை இருக்கு, எல்லாத்துக்கும் ஒரே ஆற்றல், வித்தியாசமே கெடையாது. காந்தம் பட்டாத்தான் ஒண்ணு ஏறுது, ஒண்ணு எறங்குது, ஒண்ணு அங்கனயே நிக்குது. கரண்ட நிப்பாட்டுனா மறுபடி ஒரே கோடு."

"பரவால்லையே, நம்ம பங்காளிக மாதிரி இல்ல" என்றேன். அதற்குத்தான் சிரித்தாய்.

காந்தத்தைத் திங்கட்கிழமை மதுரைக்குக் கொண்டுபோக இருந்தாய். "போடிமெட்டுல லோடு நிக்குது. அந்தச் சோலிய வெரசா முடிச்சிட்டுப் போ" என்றேன். திரும்பும்போது ஜீப்பு மலை வளைவில் உருண்டது. மூட்டைகள் புதரில் சிக்கிக் கிழியாமல் கிடந்தன. உன்னைக் கீழே ஓடையில்தான் எடுத்தோம்.

அன்று மழைகூட இல்லை, அழகரு. லோடு இரண்டு நாள் நின்றிருக்கும். ஏன் சொன்னேன்?

காசிமைக் கூட்டிக்கொண்டு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். செம்பை உருவி, உருக்க அனுப்பிவிட்டார்கள். இரும்பு மட்டும் மூலையில் கிடந்தது. அதற்கும் பேரம் பேசினேன். உன் பொருளுக்கு. வாய் அப்படிப் பழகிவிட்டது. காசிம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வெளியே வந்ததும், "அந்த மூணு கோட்ட நான் பாக்கணும்" என்றேன்.

"பாருங்கண்ணே. ஆனா சுவிச்சு நீங்கதான் போடணும். பாத்து முடிச்சதும் நீங்கதான் அணைக்கணும்."

கம்பியைச் சுற்றி முடித்ததும் காசிம் டிரங்க் கால் போடுவான். எந்த லோடு எங்கே நின்றாலும் அன்றைக்கு மதுரையில் இருப்பேன், தம்பி.

புதுக் கம்பி என்னுடையது. கை வேலை காசிமுடையது. சோதனை உன் பெயரில். சுவிட்சைப் போடுவதும் அணைப்பதும் நான். இப்படித்தான் பேசி முடித்திருக்கிறோம்.

உன்னை மலைக்கு அனுப்பிய
அண்ணன்